விந்தணு டி.என்.ஏ டெஸ்ட்: ரிப்போர்ட்டில் 30 சதவீதத்தைத் தாண்டினால் என்ன அர்த்தம்? பயப்பட வேண்டுமா? முழு விளக்கம்

விந்து பரிசோதனையில் எண்ணிக்கை நார்மல். அசைவு நார்மல். வடிவமும் நார்மல். மனைவிக்கு எடுத்த ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் கரு தங்கவில்லை. அல்லது தங்கிய கரு இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் கலைந்துபோகிறது.

இப்படி வரும் தம்பதிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளில் ஒன்றுதான் 'ஸ்பெர்ம் டி.என்.ஏ ஃபிராக்மென்டேஷன் டெஸ்ட்'. விந்தணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருளான டி.என்.ஏ எந்த அளவுக்கு உடைந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை இது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 'டி.எஃப்.ஐ: 32 சதவீதம்' என்று ஒரு வரி. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'ஹை'. அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்கு டேமேஜா? இனி குழந்தையே பிறக்காதா? பிறந்தாலும் குறையோடு பிறக்குமா? இந்தக் கேள்விகளோடு ராத்திரி முழுக்க மொபைலில் தேடுபவர்கள் பலர். அவர்களுக்கான விளக்கம் இது.

சாதாரண விந்து பரிசோதனையில் இது தெரியாதா?

தெரியாது. வழக்கமான பரிசோதனை, விந்தணுவை வெளியில் இருந்து பார்க்கிறது. எத்தனை இருக்கிறது, எப்படி நீந்துகிறது, தலையும் வாலும் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆறாவது பதிப்பு ஆய்வகக் கையேட்டின்படி, அதற்கான கீழ் எல்லைகள் இவை:

• விந்தின் அளவு: 1.4 மில்லி
• ஒரு மில்லியில் விந்தணு: 1.6 கோடி
• மொத்த விந்தணு: 3.9 கோடி
• மொத்த அசைவு: 42 சதவீதம்
• முன்னோக்கி நீந்துபவை: 30 சதவீதம்
• சரியான வடிவம்: 4 சதவீதம்

இவை பாஸ் மார்க் அல்ல. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை ஆராய்ந்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் பேர் எந்த அளவில் இருந்தார்கள் என்று எடுத்த கணக்கு. இதற்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் உண்டு. மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு.

ஒரு நூல்கண்டை நினைத்துப் பாருங்கள். மேலே பார்த்தால் அழகாகச் சுற்றி, முழுசாகத்தான் தெரியும். இழுத்துப் பார்க்கும்போதுதான் உள்ளே எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று தெரியும். விந்தணுவும் அப்படித்தான். நன்றாக நீந்தும் விந்தணுவுக்குள்ளும் டி.என்.ஏ இழை உடைந்திருக்கலாம்.

டி.என்.ஏ ஏன் உடைகிறது?

விந்தணுவின் தலை மிகச் சிறியது. அதற்குள் டி.என்.ஏ முழுவதையும் அடைக்க, உடல் ஒரு வேலை செய்கிறது. மற்ற செல்களில் டி.என்.ஏவைத் தாங்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, புரோட்டமின் என்ற வேறு புரதத்தைக் கொண்டு இறுக்கமாகச் சுருட்டுகிறது. இந்த வேலை சரியாக முடியாவிட்டால் சுருள் தளர்ந்து, எளிதில் உடையும் நிலைக்கு வந்துவிடும்.

அடுத்த எதிரி ஆக்சிஜனேற்ற அழுத்தம். உடலில் உருவாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறினால் விந்தணுவின் சவ்வையும் டி.என்.ஏவையும் தாக்கும். மற்ற செல்களுக்கு இந்தச் சேதத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கிறது. முதிர்ந்த விந்தணுவுக்கு அது கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தி. கருமுட்டைக்கு அந்தத் திறன் உண்டு. விந்தணு உள்ளே நுழைந்த பிறகு, அது கொண்டு வந்த டி.என்.ஏவில் உள்ள உடைப்புகளை ஓரளவுக்கு கருமுட்டையே சரிசெய்கிறது. பெண்ணின் வயது கூடக்கூட இந்தத் திறன் குறைகிறது. அதனால்தான் ஒரே டி.எஃப்.ஐ எண், 26 வயது மனைவி உள்ள தம்பதிக்கும் 39 வயது மனைவி உள்ள தம்பதிக்கும் ஒரே அர்த்தம் தருவதில்லை.

சரி, டி.எஃப்.ஐ எண்ணை எப்படிப் படிப்பது?

டி.எஃப்.ஐ என்றால் டி.என்.ஏ உடைப்புக் குறியீடு. 32 சதவீதம் என்றால், பரிசோதித்த 100 விந்தணுக்களில் 32-ல் குறிப்பிடத்தக்க உடைப்பு இருக்கிறது, மீதி 68-ல் அந்த அளவுக்கு இல்லை என்று பொருள். ஒவ்வொரு விந்தணுவிலும் 32 சதவீதம் டி.என்.ஏ போய்விட்டது என்று பொருள் இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

எஸ்.சி.எஸ்.ஏ என்ற முறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் பிரிவுகள்:

• 15 சதவீதத்துக்குக் கீழ்: நல்ல நிலை
• 15 முதல் 30 வரை: நடுத்தரம்
• 30-க்கு மேல்: அதிகம்

சில ஆய்வகங்கள் 25-ஐயே மேல் எல்லையாக வைத்திருக்கின்றன. 29 வந்தால் நிம்மதி, 31 வந்தால் ஆபத்து என்று கோடு கிழித்துப் பார்க்கக் கூடாது. எண் ஏற ஏற, இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையும், அதற்கு ஆகும் காலமும் கூடும். எந்த எண்ணிலும் வாய்ப்பு திடீரென்று பூஜ்ஜியம் ஆகிவிடாது.

எந்த முறையில் செய்த டெஸ்ட் என்று பார்த்தீர்களா?

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, எந்த முறையில் டெஸ்ட் செய்தார்கள் என்பதைத்தான். நான்கு முறைகள் புழக்கத்தில் உள்ளன.

எஸ்.சி.எஸ்.ஏ: விந்தணுக்களை அமிலத்தில் வைத்து, ஒரு ஒளிரும் சாயம் ஏற்றி, இயந்திரம் ஆயிரக்கணக்கில் எண்ணும். டி.என்.ஏ நன்றாக இருந்தால் பச்சை, உடைந்திருந்தால் சிவப்பு.

எஸ்.சி.டி: நல்ல விந்தணுவைச் சுற்றி ஒளிவட்டம் போலத் தெரியும். உடைந்ததில் வட்டம் சிறிதாக இருக்கும் அல்லது இருக்காது. மைக்ரோஸ்கோப்பில் ஒருவர் பார்த்து எண்ணும் முறை என்பதால், எண்ணுபவரின் அனுபவமும் முக்கியம். பெரிய இயந்திரம் தேவையில்லை.

டியூனல்: உடைந்த இழையின் நுனிகளில் அடையாளக் குறி ஒட்டி எண்ணும் முறை.

காமெட்: மின்சாரம் செலுத்தும்போது உடைந்த துண்டுகள் வால் நட்சத்திரம் போல நீண்டு தெரியும்.

ஒவ்வொரு முறைக்கும் எல்லை எண் வேறு. காமெட் முறையில் வந்த எண்ணை எஸ்.சி.எஸ்.ஏ அட்டவணையோடு ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் போக நேரும். முதல் டெஸ்ட்டை ஒரு லேபில் ஒரு முறையிலும், மூன்று மாதம் கழித்து இரண்டாவதை வேறு லேபில் வேறு முறையிலும் எடுத்துவிட்டு, 'குறைஞ்சிருக்கு', 'கூடியிருக்கு' என்று சொல்லவும் முடியாது.

ரிப்போர்ட் சொல்லாத மூன்று விஷயங்கள்

1. இது மலட்டுத்தன்மைச் சான்றிதழ் அல்ல. டி.எஃப்.ஐ அதிகம் உள்ள ஆண்களுக்கும் இயற்கையாகக் குழந்தை பிறக்கிறது.

2. இது குழந்தையின் நோயைச் சொல்லும் டெஸ்ட் அல்ல. எந்த மரபணுவில் என்ன பிழை, குரோமோசோம் எண்ணிக்கை சரியா என்பதை இது பார்ப்பதே இல்லை. ஒரு டி.எஃப்.ஐ எண்ணை வைத்து 'குழந்தைக்கு இந்தக் குறை வரும்' என்று யாராலும் சொல்ல முடியாது.

3. இது நிரந்தரமான எண் அல்ல. ரத்த வகை மாதிரி வாழ்நாள் முழுக்க மாறாமல் இருப்பதல்ல. காய்ச்சல், புகை, இடைவெளி நாட்கள் என்று பலவற்றுக்கு ஏற்ப ஏறும், இறங்கும்.

யாருக்கு இந்த டெஸ்ட் தேவை? யாருக்குத் தேவையில்லை?

குழந்தைக்காக முயற்சி ஆரம்பித்த எல்லோரும் முதல் நாளே எடுக்க வேண்டிய டெஸ்ட் அல்ல இது. அமெரிக்க சிறுநீரகவியல் சங்கமும் இனப்பெருக்க மருத்துவ சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரம்பகட்டப் பரிசோதனையில் இதைச் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. அதேநேரம், திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளில் ஆணுக்கு இந்த டெஸ்ட்டை அது பரிந்துரைக்கிறது. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கம், காரணம் தெரியாத குழந்தையின்மைக்கும் இதைப் பரிந்துரைக்கிறது.

நடைமுறையில் டாக்டர்கள் இதை யோசிக்கும் சூழல்கள்:

• இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கரு கலைந்திருந்தால்
• எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், ஆனால் காரணம் தெரியவில்லை என்றால்
• ஐ.யு.ஐ, ஐ.வி.எஃப் பலமுறை தோல்வி அடைந்திருந்தால்
• ஆணுக்கு வெரிகோசீல் இருந்து, ஆபரேஷன் தேவையா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தால்

விந்தில் விந்தணுவே இல்லாதவர்களுக்கும், எண்ணிக்கை மிக மிகக் குறைவாக இருப்பவர்களுக்கும் இதை முறையாகச் செய்ய முடியாது. அவர்களுக்கான பாதை வேறு.

எண் ஏறுவதற்கு என்ன காரணம்?

வெரிகோசீல்: விரைப்பையில் உள்ள ரத்த நாளங்கள் சுருண்டு வீங்கும் நிலை. பொதுவாக ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் இந்த விகிதம் இன்னும் அதிகம். கையால் தொட்டுப் பார்த்தே டாக்டர் கண்டுபிடித்துவிடலாம்.

வெப்பம்: விரைகள் உடலுக்கு வெளியே இருப்பதற்குக் காரணமே, உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூடு அவற்றுக்குத் தேவை என்பதுதான். உலை, அடுப்பு, பாய்லர் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கும் வேலை, மடியில் லேப்டாப், அடிக்கடி வெந்நீர்த் தொட்டிக் குளியல் ஆகியவை கவனிக்க வேண்டியவை.

காய்ச்சல்: டெங்குவோ, சிக்குன்குனியாவோ, வேறு எதுவோ, கடுமையான காய்ச்சல் வந்து போனால் அடுத்த சில வாரங்களுக்கு டி.எஃப்.ஐ ஏறலாம். பிறகு தானாக இறங்கும்.

புகைப்பழக்கம், உடல் பருமன், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், இனப்பெருக்கப் பாதையில் தொற்று, புற்றுநோய்க்கான கீமோ மற்றும் கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவையும் பட்டியலில் உண்டு. பூச்சிக்கொல்லிகளோடு தொடர்ந்து வேலை செய்வதும் கவனிக்க வேண்டிய விஷயம்.

வயது: பெண்ணுக்கு மட்டும்தான் வயது பிரச்சினை என்று நினைப்பது தவறு. ஆணின் வயது கூடும்போதும் டி.எஃப்.ஐ ஏறுகிறது.

நீண்ட இடைவெளி: 'நாள் சேர்த்து வைத்தால் சக்தி கூடும்' என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. எண்ணிக்கை கூடும், உண்மைதான். ஆனால் விந்து வெளியேறாமல் பல நாட்கள் தேங்கும்போது டி.என்.ஏ உடைப்பும் கூடுகிறது.

'ஹை' என்று வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

ஒன்று, சாம்பிள் கொடுப்பதற்கு முன் எத்தனை நாள் இடைவெளி இருந்தது? 2 முதல் 7 நாட்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பத்து, பதினைந்து நாள் கழித்துக் கொடுத்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த டெஸ்ட்டுக்கும் முதல் தடவை போலவே இடைவெளி வையுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். முதல் தடவை இடைவெளி அதிகமாகிவிட்டிருந்தால், டாக்டர் சொல்லும் நாள் கணக்கில் புதிதாக ஒன்று எடுப்பதே சரி.

இரண்டு, கடந்த மூன்று மாதத்தில் கடும் காய்ச்சலோ, பெரிய நோயோ, ஆபரேஷனோ இருந்ததா?

மூன்று, வீட்டில் எடுத்துக்கொண்டு போன சாம்பிளா? லேபுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதா? வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்து எடுத்துப் போனால் முடிவு எப்படி சரியாக இருக்கும்?

ஏன் எல்லோரும் 'மூன்று மாதம்' என்கிறார்கள்?

ஒரு விந்தணு விரையில் உருவாகி முடிய சுமார் 74 நாட்கள். பிறகு எபிடிடிமிஸ் என்ற குழாயில் முதிர்ந்து நகர இன்னும் ஒன்றிரண்டு வாரம். இன்று வரும் விந்தணு, கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முன்னால் 'தயாரிப்பு' ஆரம்பித்தது. இன்று சிகரெட்டை விட்டால் அதன் முழுப் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். அதனால்தான் பத்து நாளில் மறு டெஸ்ட் எடுத்து, 'ஒண்ணும் மாறலையே' என்று நொந்துபோவதில் அர்த்தம் இல்லை.

என்ன சிகிச்சைகள் இருக்கின்றன?

காரணத்தைச் சரிசெய்வதுதான் முதல் சிகிச்சை. புகையை நிறுத்துவது, எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவருவது, தொற்று இருந்தால் மருந்து எடுப்பது. இவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

இடைவெளியைக் குறைப்பது. டாக்டர் ஆலோசனையோடு, கருத்தரிக்கும் நாட்களில் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை உறவு கொள்வது டி.எஃப்.ஐயைக் குறைக்க உதவக்கூடிய எளிய வழி.

வெரிகோசீல் ஆபரேஷன். தொட்டுப் பார்க்கும்போதே தெரியும் அளவுக்கு வெரிகோசீல் இருந்து, விந்து ரிப்போர்ட்டும் சரியில்லை என்றால் ஆபரேஷன் பற்றி டாக்டர் யோசிப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு டி.எஃப்.ஐ குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஸ்கேனில் மட்டும் தெரியும் சின்ன வெரிகோசீலுக்கு ஆபரேஷன் பொதுவாகத் தேவையில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை. இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம், கார்னிடின், லைகோபீன் எல்லாம் கலந்த பாக்கெட்டுகள் மாதக்கணக்கில் எழுதித் தரப்படுகின்றன. ஆனால் அமெரிக்காவில் நடந்து 2020-ல் வெளியான 'மாக்ஸி' ஆய்வில், இதுபோன்ற கலவை மாத்திரை விந்தணுவின் தரத்தையோ டி.என்.ஏவையோ மேம்படுத்தவில்லை. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, 2,370 தம்பதிகளை வைத்து துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆண்களுக்கு உதவுமா என்று பார்த்தது. குழந்தைப் பேறு கூடவில்லை. மாத்திரை எடுத்தவர்களுக்கு டி.என்.ஏ உடைப்பு சற்று அதிகமாகவே இருந்தது. சத்துக் குறைபாடு உள்ளவர்களுக்கு மருந்து தேவைப்படலாம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாதாமாதம் காசைக் கொட்டுவதற்கு ஆதாரம் பலமாக இல்லை.

இக்ஸி. ஒரு விந்தணுவைத் தேர்ந்தெடுத்து நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை. டி.எஃப்.ஐ அதிகமாக இருந்தால் ஐ.யு.ஐயில் வெற்றி வாய்ப்பு குறைகிறது. இக்ஸியில் அந்தப் பாதிப்பு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ஆனால் கரு கலையும் அபாயத்தோடு டி.எஃப்.ஐக்கு உள்ள தொடர்பு, செயற்கைக் கருத்தரிப்பிலும் தொடர்வதாக ஆய்வுகள் சொல்கின்றன.

சிறப்புத் தேர்வு முறைகள். 'நல்ல விந்தணுவைப் பொறுக்கி எடுக்கிறோம்' என்று கூடுதல் கட்டணத்தில் சில முறைகள் உண்டு. அவற்றில் ஒன்றான ஹயலுரோனன் முறையை, பிரிட்டனில் 2,772 தம்பதிகளிடம் சோதித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். குழந்தைப் பேற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கருச்சிதைவு மட்டும் சற்றுக் குறைவாக இருந்தது. கட்டணம் கட்டும் முன் 'இது என் கேஸில் என்ன மாற்றும்?' என்று கேட்பது உங்கள் உரிமை.

விரையில் இருந்து நேரடியாக எடுப்பது. விந்து வரும் பாதையிலும் சேதம் நடப்பதால், விரையிலேயே எடுக்கும் விந்தணுவில் உடைப்பு குறைவாக இருக்கிறது. ஆனால் இதற்கு ஊசியோ சிறு ஆபரேஷனோ தேவை. டி.எஃப்.ஐ மிக அதிகமாக இருந்து, மற்ற வழிகள் பலிக்காதவர்களுக்கு மட்டும் யோசிக்கப்படும் வழி.

ஒரு எச்சரிக்கை: ஜிம்மில் உடம்பு ஏற்றவோ, 'ஆண்மை கூட' என்றோ டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவர்கள் கவனிக்க வேண்டும். வெளியில் இருந்து அந்த ஹார்மோன் வந்தால், விந்தணு உற்பத்தியை உடல் குறைத்துவிடும். சிலருக்கு எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கே போய்விடும். குழந்தைக்கு முயற்சிக்கும் ஆண் இதைத் தொடவே கூடாது.

காத்திருக்கலாமா? மனைவியின் வயதைப் பாருங்கள்

'மூன்று மாதம் பார்ப்போம், அப்புறம் இன்னொரு மூன்று மாதம்' என்பது 27 வயது மனைவி உள்ள தம்பதிக்குச் சரியான யோசனையாக இருக்கலாம். மனைவிக்கு 38 வயது, கருமுட்டை இருப்பும் குறைவு என்றால் அதே யோசனை விலைமதிப்பில்லாத காலத்தை வீணாக்கிவிடும். ஆணின் எண்ணைச் சரிசெய்யக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பெண்ணின் பக்கம் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே டி.எஃப்.ஐ ரிப்போர்ட்டை ஆண் மட்டும் தனியாகக் கொண்டுபோய் வைத்தியம் பார்ப்பதில் பயனில்லை. இருவர் ரிப்போர்ட்டையும் ஒரே மேஜையில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

பொதுவாக ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• இது எந்த முறையில் செய்த டெஸ்ட்? அந்த முறைக்கு உங்கள் லேபின் எல்லை எண் என்ன?
• எனக்கு வெரிகோசீல் இருக்கிறதா என்று கையால் பரிசோதித்தீர்களா?
• மறு டெஸ்ட் எப்போது? எத்தனை நாள் இடைவெளியில்?
• மனைவியின் வயதுக்கு நாங்கள் காத்திருக்கலாமா, அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டுமா?
• இந்த மருந்து அல்லது கூடுதல் சிகிச்சையால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடும்?

இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். ஆண்களை நேரில் பரிசோதிக்காமல், ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தே பல சிகிச்சைகள் நகர்ந்துவிடுகின்றன. யூராலஜிஸ்ட் அல்லது ஆண்ட்ராலஜிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறையாவது நேரில் காட்டுவது நல்லது.

'யாருக்குக் குறை?' என்ற கேள்வி

கல்யாணமாகி ஒரு வருடம் போனாலே 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்ற கேள்வி பெண்ணிடம்தான் வருகிறது. ஸ்கேன், ஊசி, கோயில், விரதம் எல்லாம் அவளுக்கு. ஒரு சாம்பிள் கொடுப்பதற்கு மட்டும் ஆணுக்கு வருடக்கணக்கில் தயக்கம். கரு கலைந்தாலும் 'மாடி ஏறினாயா, வெயிட் தூக்கினாயா' என்று குறை சொல்வது அவளைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்குப்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். அந்தத் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. கரு கலைவதிலும் ஆணின் விந்தணுவுக்குப் பங்கு இருக்கலாம் என்பதை இந்த டெஸ்ட் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுகிறது.

அதற்காக, இதுவரை பெண் மேல் சுமத்திய பழியைத் தூக்கி ஆண் மேல் வைப்பதும் தீர்வல்ல. டி.எஃப்.ஐ என்பது ஆண்மையின் அளவுகோல் அல்ல. தாம்பத்திய உறவில் எந்தப் பிரச்சினையும் இல்லாத, திடகாத்திரமான ஒருவருக்கும் அது 40 சதவீதம் வரலாம். சர்க்கரை, பிரஷர் எண்ணைப் போல இதுவும் ஒரு எண். காரணத்தைத் தேடலாம், பலருக்குக் குறைக்கவும் முடியும். குறையாவிட்டாலும் அடுத்த வழி இருக்கிறது. ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் ஒளித்து வைக்காமல், இருவரும் சேர்ந்து டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போவதுதான் முதல் படி.

(இது பொதுவான தகவல்களுக்கான கட்டுரை. சிகிச்சை தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனையோடு மட்டுமே எடுக்கவும்.)